முதலில் அத்தையிடம் கொடுத்துப் பாருங்கள்: டெக்னிக்கல் ரைட்டராக முதல் வேலை தேடுவோருக்கு

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது. வழக்கமாக ஊற்றுபவர் வெளியூரில். போனில் கேட்டால், "அதொண்ணும் பெரிய வேலை இல்ல, மூடியத் திறந்து தண்ணி ஊத்திடு" என்கிறார். எந்த மூடி? எந்தத் தண்ணீர்? எதுவரைக்கும்? ஸ்விட்சை அணைக்க வேண்டுமா, வேண்டாமா? வேலை தெரிந்தவருக்கு இதெல்லாம் கேள்வியாகவே தோன்றாது. தெரியாதவருக்கோ இதைத் தவிர வேறு கேள்வியே இல்லை.

இந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுபவர்தான் டெக்னிக்கல் ரைட்டர்.

இந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் புதியவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: ஆங்கிலம் நன்றாக வரும், எழுதப் பிடிக்கும். இரண்டும் நல்லவையே. ஆனால் வேலை கொடுப்பவர் தேடுவது வேறு. நீங்கள் எழுதியதைப் படித்து, உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், இன்னொருவர் அந்த வேலையைச் செய்து முடிப்பாரா? முடிப்பார் என்று காட்ட உங்கள் கையில் இரண்டு மூன்று பக்கங்கள் இருந்தால், அனுபவம் இல்லை என்ற குறை பாதி தீர்ந்தது. அந்தப் பக்கங்களை எப்படி உருவாக்குவது, யாரிடம் கொண்டுபோவது என்று பார்ப்போம்.

நாள் முழுக்க எழுதுவதா?

செயலியில் 'உதவி' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் பக்கங்கள், வாஷிங் மெஷினோடு வரும் கையேடு, மெக்கானிக் பட்டறையில் புரட்டும் சர்வீஸ் மேனுவல், புது வெர்ஷனில் என்ன மாறியது என்ற குறிப்பு, புரோகிராமர்களுக்கான ஏபிஐ விளக்கம் எல்லாம் யாரோ சம்பளத்துக்கு எழுதியவை. கணினி உலகில் இந்த வேலை கணினியோடு சேர்ந்தே வளர்ந்தது. 1949-இல் பைனாக் என்ற அமெரிக்கக் கணினிக்கு ஜோசப் சாப்லைன் எழுதிய கையேட்டைத்தான் முதல் கணினிக் கையேடு என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

வேலையில் சேர்ந்தவருக்கு முதல் வாரமே ஒன்று புரியும்: எழுதும் நேரம் குறைவு, கேட்கும் நேரமும் செய்து பார்க்கும் நேரமும்தான் அதிகம். மென்பொருளில் கோப்பைப் பதிவேற்றும் புது வசதி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டெவலப்பரிடம் கேட்டால், "டிக்கெட்லயே எல்லாம் போட்டிருக்கேனே" என்பார். டிக்கெட்டில், அதாவது அந்த வேலையைப் பதிந்து வைக்கும் குறிப்பில், இரண்டு வரி இருக்கும். நீங்களே டெஸ்ட் சர்வரில் நுழைந்து, சரியாகவும் தவறாகவும் அமுக்கிப் பார்த்து, "ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் ஏத்தினா பழசு அழிஞ்சிடுமா, ரெண்டும் இருக்குமா?" என்று திரும்பப் போய் நிற்க வேண்டும். அவர் சற்று யோசித்து, "இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றால் உங்கள் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. பிறகு எழுதுவது, ஸ்கிரீன்ஷாட்கள் எடுத்துச் சேர்ப்பது, டெவலப்பரும் டெஸ்டரும் பார்த்துத் திருத்தித் தருவது, வெளியீட்டு நாளுக்கு முன் பக்கத்தை ஏற்றுவது.

ஆகவே, கேள்வி கேட்கக் கூச்சப்படாதவராகவும், கேட்டதைச் சரிபார்க்காமல் நம்பாதவராகவும் இருந்தால் இது உங்களுக்கு ஏற்ற வேலை. தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்து வருபவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது.

யார் வேலை தருகிறார்கள்?

விளம்பரங்களில் இந்த வேலைக்குப் பல பெயர்கள். டெக்னிக்கல் ரைட்டர், டாக்குமென்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், இன்பர்மேஷன் டெவலப்பர், நாலெட்ஜ் பேஸ் ரைட்டர் என்று எப்படி வேண்டுமானாலும் இருக்கும். எல்லாப் பெயர்களிலும் தேடுங்கள். 'கன்டென்ட் ரைட்டர்' என்று இருந்தால் மட்டும் உள்ளே படித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் விளம்பரக் கட்டுரை எழுதும் வேலை.

தமிழ்நாட்டில் இதற்கு மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது, சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்கள். 1996-இல் தொடங்கிய ஜோஹோ, 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்றவை உலகம் முழுக்க வாடிக்கையாளர்களை வைத்திருப்பவை. வாங்கியவர் அமெரிக்காவில் நள்ளிரவில் சிக்கிக்கொண்டால் அவருக்கு முதலில் கைகொடுப்பது உதவிப் பக்கம்தான். இத்தகைய நிறுவனங்களைப் பழைய மகாபலிபுரம் சாலையிலும் தரமணி, கிண்டிப் பக்கமும் தேடலாம். வெளியே போகத் தயார் என்றால் பெங்களூரு, ஐதராபாத், புனே.

இரண்டாவது, இயந்திரங்கள். இது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து வாகனத் தொழிற்சாலைகள், கோவையின் பம்பு, மோட்டார் நிறுவனங்கள், வெளிநாட்டு வாகன, விமான நிறுவனங்களுக்குப் பொறியியல் சேவை செய்து தரும் அலுவலகங்கள் ஆகியவற்றுக்கு இயக்கக் கையேடும் பழுதுபார்ப்புக் கையேடும் உதிரிபாகப் பட்டியலும் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓர் இயந்திரத்தை விற்றால், விற்கும் நாட்டின் மொழியில் கையேடும் கூடவே போக வேண்டும் என்பது சட்டம். மூலக் கையேடு குழப்பமாக இருந்தால் அந்தக் குழப்பம் பத்து மொழிகளில் பெருகும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, ஓரளவு தெளிவாக எழுதவும் வந்தால், இந்த வாசலில் ஆங்கில இலக்கியப் பட்டதாரியைவிட உங்களுக்குத்தான் சாதகம்.

மூன்றாவது, மருந்து நிறுவனங்கள். மருந்துச் சோதனை அறிக்கைகளையும் அரசு அனுமதிக்கான ஆவணங்களையும் எழுதும் வேலை அது. அதற்கு மருந்தியலோ உயிரியலோ படித்திருக்க வேண்டும் என்பார்கள். அது தனித் துறை என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

தமிழ் வழியில் படித்தவர்கள் முதலில் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே 1980-களில் ஐரோப்பாவில் ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார்கள். இன்று அதன் பெயர் ஏஎஸ்டி-எஸ்டிஇ100. உலகெங்கும் விமானத்தைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் நட்டு ஒன்று முறுக்கப்படாமல் போகும். அதனால் அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் சுமார் 900 மட்டுமே, கூடவே அந்தத் தொழிலுக்குரிய பெயர்கள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது என்ற பொருள் மட்டுமே. விதியைக் கடைப்பிடிக்கச் சொல்ல 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் இத்தகையதுதான். அகராதியைப் புரட்டவைக்கும் சொற்கள் இங்கே குறையாகவே எண்ணப்படும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவருக்கு, வாசகர் எந்தச் சொல்லில் இடறுவார் என்பது சொந்த அனுபவத்தில் தெரியும். அதற்காக இலக்கணத்தில் சலுகை கிடைக்காது. 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' போன்ற அலுவலகக் கடித நடையை அடியோடு மறக்க வேண்டும். யார் செய்ய வேண்டும் என்பதை மறைக்கும் செயப்பாட்டு வினையைக் குறைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டும் கூகுளும் தங்கள் எழுத்து நடைக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒன்றை எடுத்து ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் படியுங்கள். டெக்னிக்கல் ரைட்டிங் பற்றிய கூகுளின் அடிப்படைப் பாடமும் இலவசமே.

தமிழ் படித்தவருக்கு இன்னொரு முதலீடு கையிலேயே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பட்டியல் போட்டிருக்கிறார். வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது, அளவுக்கு மீறிச் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது எல்லாம் அவர் கணக்கில் குற்றம். 13-ஆம் நூற்றாண்டுப் பட்டியல் அது. உங்கள் பக்கத்தை அனுப்புமுன் ஒவ்வொரு குற்றமாக வைத்துச் சரிபார்த்தால், எந்த நிறுவனத்தின் திருத்துநரும் பெரிதாகக் கைவைக்க மாட்டார்.

முதல் மாதிரி: ஒரு பக்கம், ஒரு வேலை

இனி, கையில் எடுத்துப் போக வேண்டிய பக்கங்கள். பேட்டரித் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், ஆனால் முறை எந்த மொழியிலும் ஒன்றுதான். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

"பேட்டரியில் நீரின் அளவு குறைந்திருப்பின், மூடிகள் திறக்கப்பட்டு, டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பப்பட வேண்டும். நிரப்புவதற்கு முன் இன்வெர்ட்டர் அணைக்கப்பட்டிருப்பது அவசியம்."

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. இதை அச்செடுத்து, இன்வெர்ட்டரைத் தொட்டிராத ஒருவரிடம் கொடுங்கள். அத்தையிடம் என்று வைத்துக்கொள்வோம். நிஜமாகத் திறந்து ஊற்ற வேண்டாம். எதை, எங்கே செய்வார் என்று படித்துக்கொண்டே விரலால் காட்டினால் போதும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் விரல் முதல் வாக்கியம் முடிந்ததுமே மூடிக்குப் போய்விட்டது. அணைக்க வேண்டும் என்பது இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது, அதை அவர் இன்னும் படிக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியதை முதலில் எழுதவில்லை என்பது உங்கள் தவறு. அடுத்து அவர் கேட்கிறார்:

"டிஸ்டில்ட் வாட்டர்னா நம்ம கேன் தண்ணிதானேம்மா?"

"இல்ல அத்தை, அது வேற. பேட்டரி கடையில விப்பாங்க."

"அப்ப அதை எழுத வேண்டியதுதானே."

வாயைத் திறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, விட்டுப்போனது எது என்று தெரிந்தது. திருத்தி எழுதுகிறீர்கள். ஒவ்வொரு மூடியிலும் உள்ள மிதவை சிவப்புக் குறியில் இருந்தால் தண்ணீர் குறைவு, பச்சையில் இருந்தால் போதுமானது என்று விளக்கி, "மிதவையுள்ள மூடியைக் கழற்றுங்கள், மிதவை பச்சைக்கு வரும்வரை ஊற்றுங்கள்" என்று எழுதுகிறீர்கள். மறுபடி அத்தை:

"மிதவையத்தான் கழட்டி வெளிய வெச்சாச்சே, அது பச்சைக்கு வர்றத நான் எப்படிப் பாக்கறது?"

மேசையில் உட்கார்ந்து பத்து முறை படித்தாலும் இந்தப் பிழை உங்கள் கண்ணில் பட்டிருக்காது. பொருளைப் பார்த்துக்கொண்டே படித்தவருக்குத்தான் பட்டது. மூன்றாவது வரைவு இப்படி நிற்கிறது:

இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் நிரப்புவது
எப்போது: மூடியில் உள்ள மிதவை சிவப்புக் குறியில் நிற்கும்போது.
தேவை: டிஸ்டில்ட் வாட்டர் (பேட்டரி கடையில் கிடைக்கும்), புனல், ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.
எச்சரிக்கை: பேட்டரிக்குள் அமிலம் இருக்கிறது, தீப்பிடிக்கும் வாயுவும் உண்டாகும். அருகில் விளக்கோ தீக்குச்சியோ கூடாது. குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் ஊற்றக் கூடாது.
1. இன்வெர்ட்டரை அணையுங்கள். பிறகு சுவர் ஸ்விட்சை அணையுங்கள்.
2. கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.
3. ஆறு மிதவைகளையும் பாருங்கள். சிவப்பில் நிற்கும் மூடியை மட்டும் கழற்றுங்கள்.
4. புனல் வைத்துக் கொஞ்சம் ஊற்றுங்கள்.
5. மூடியைத் திரும்ப வைத்து மிதவையைப் பாருங்கள். பச்சைக்கு வரவில்லை என்றால் மூடியைக் கழற்றி 4-ஆம் படியை மறுபடி செய்யுங்கள். பச்சைக்கு மேல் போக விடாதீர்கள்.
6. மூடிகளை இறுக்குங்கள். சுவர் ஸ்விட்சைப் போட்டு, இன்வெர்ட்டரை இயக்குங்கள்.

இது எழுத்து முறைக்கான எடுத்துக்காட்டு. உங்கள் வீட்டு பேட்டரியின் அமைப்பு வேறாக இருக்கலாம், அதற்கு அதனுடைய கையேட்டையே பின்பற்றுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது, எச்சரிக்கை படிகளுக்கு முன்னால் வந்துவிட்டது என்பது. ஒவ்வொரு படியும் கட்டளையாக இருக்கிறது, எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பதும்தான்.

மூன்று வரைவுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியின் கீழே நான்கு வரிக் குறிப்பு சேருங்கள்: யாருக்காக எழுதியது, யாரிடம் கொடுத்துப் பார்த்தது, அவர் எங்கே நின்றார், எதை மாற்றினேன். நேர்முகத்தில் உங்களைப் பேச வைப்பது அந்த நான்கு வரிதான்.

இரண்டாவதும் மூன்றாவதும்

ஒரே வகை மாதிரிகளாக மூன்று வைப்பதைவிட மூன்று வகையில் ஒவ்வொன்று நல்லது. மென்பொருள் நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டாவது மாதிரி ஓர் ஏபிஐ விளக்கமாக இருக்கட்டும். ஏபிஐ என்றால், ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் சன்னல். கேள்வியைக் குறிப்பிட்ட வடிவில் நீட்டினால் பதில் குறிப்பிட்ட வடிவில் வரும்.

பழக நல்ல இடம் நாசா. 'ஆஸ்ட்ரானமி பிக்சர் ஆஃப் த டே' என்று நாளுக்கு ஒரு வானியல் படம் வெளியிடுகிறார்கள், அதற்குத் திறந்த ஏபிஐ இருக்கிறது. பதிவு செய்யாமலே 'டெமோ கீ' என்ற பொதுச் சாவியை வைத்துச் சில முறை முயன்று பார்க்கலாம். தேதி கொடுத்தால் அந்த நாளின் படம் வரும். இப்போது ரைட்டர் மூளையைத் திருப்புங்கள். தேதியை எந்த வரிசையில் எழுத வேண்டும்? நமக்கு 05-03 என்றால் மார்ச் 5, அமெரிக்கருக்கு மே 3. இங்கே ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசைதான் செல்லும். படங்கள் 1995 ஜூன் 16-இல் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய தேதி கொடுத்தால் என்ன பதில் வருகிறது? நாளைய தேதி கொடுத்தால்? சில நாள்களில் படத்துக்குப் பதில் வீடியோ வருமே, அப்போது பதிலில் எது மாறுகிறது? இவற்றை நீங்களே செய்து பார்த்து, இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. போஸ்ட்மேன் போன்ற இலவசக் கருவியில், ஏன் பிரவுசரின் முகவரிப் பட்டையிலேயே, செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, பிழைச் செய்திகள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் செயலிகளில் குழப்பும் செய்திகளைச் சேர்த்து, திருத்தி எழுதிக் காட்டுங்கள். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் சொன்னால் பயனருக்கு என்ன செய்வதென்று தெரியாது. 'மொபைல் எண்ணில் 10 இலக்கங்கள் வேண்டும். முன்னால் 91 சேர்க்காமல் மறுபடி எழுதுங்கள்' என்றால் கை உடனே வேலை செய்யும். முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஐந்து செய்திகள் போதும். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் கேலி செய்ய வேண்டாம். நாளை அங்கேயே நீங்கள் விண்ணப்பிக்கக்கூடும்.

மூன்றையும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றி, அந்த முகவரியைச் சுயவிவரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். இப்போது இருக்கும் அலுவலகத்தில் எழுதிய உள் ஆவணத்தை மாதிரியாகக் காட்டாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தை மீறியவர் என்று தெரிந்தால், எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

எந்தக் கருவியைக் கற்பது?

விளம்பரங்களில் மேட்கேப் ஃப்ளேர், ஃப்ரேம்மேக்கர், ஆக்சிஜன் எக்ஸ்எம்எல், கன்ஃப்ளூயன்ஸ் என்று பட்டியல் நீளும். பயந்துவிட வேண்டாம். கருவிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சேர்ந்த பிறகு சில வாரங்களில் பழகிவிடும். மென்பொருள் பக்கம் போகிறவர் மார்க்டவுனும் கிட்டும் கற்றால் முதலுக்குப் போதும். மார்க்டவுன் என்பது தலைப்பு, பட்டியல், இணைப்பு எல்லாவற்றையும் சாதாரண விசைப்பலகைக் குறிகளாலேயே போடும் எளிய முறை, ஒரு மாலையில் கற்றுவிடலாம். கிட் என்பது யார், எப்போது, எதை மாற்றினார் என்று கணக்கு வைக்கும் கருவி, அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

இயந்திரப் பக்கமோ பெரிய நிறுவனங்களோ உங்கள் இலக்கு என்றால் டிடா என்ற சொல் காதில் விழும். ஐபிஎம்மில் பிறந்து 2005-இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட எழுத்து முறை அது. ஒரு செய்தியைத் தனித் துண்டாக ஒரே முறை எழுதி, வேண்டிய கையேடுகளில் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பத்து மாடல் பம்புக்கும் எச்சரிக்கை ஒன்றுதான் என்றால், அதைப் பத்து இடத்தில் திருத்தத் தேவையில்லை. இந்தக் கருத்து புரிந்திருந்தாலே முதல் நேர்முகத்துக்குப் போதும்.

சான்றிதழ் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் தரும் சான்றிதழை வாங்குங்கள் என்று பழைய வழிகாட்டிகள் இன்னும் சொல்லும். அந்த அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று சொல்லும் பயிற்சி நிலையத்தில் சேருமுன், அங்கே படித்து வேலையில் இருக்கும் இரண்டு பேரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

முன்வாசலும் பக்கவாசலும்

நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் தேடுவது முன்வாசல். அங்கே முதலில் கண்ணில் படுவது 'இரண்டு முதல் நான்கு ஆண்டு அனுபவம்' என்ற வரி. கேட்ட அனுபவம் ஓராண்டு ஈராண்டு என்றால், மாதிரிகளை முன்னிறுத்தி விண்ணப்பியுங்கள். ஐந்தாண்டு என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பக்கவாசல் வழியாக வந்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கிறீர்களா? ஒரே கேள்விக்குத் தினமும் பத்துப் பேருக்குப் பதில் எழுதுகிறீர்கள். அதை ஓர் உதவிப் பக்கமாக எழுதி மேலாளரிடம் கொடுங்கள். அந்தக் கேள்வி வருவது குறைந்தால், அதைவிடச் சிறந்த சான்றிதழ் கிடையாது. டெஸ்டராக இருக்கிறீர்களா? மென்பொருள் எங்கே உடையும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெளியீட்டுக் குறிப்பை நான் எழுதித் தரட்டுமா என்று கேளுங்கள். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், ஷோரூமில் பொருளை விளக்கி விற்றவர் என்று பலரும் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். விளங்காத முகத்தைப் பார்த்ததும் விளக்கத்தை மாற்றிச் சொல்லும் பழக்கம் அவர்கள் எல்லோருக்கும் உண்டு.

எங்கும் வேலையில் இல்லாதவருக்குத் திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. கிட்ஹப்பில் 'டாக்குமென்டேஷன்' என்று குறியிட்ட வேலைகளைத் தேடுங்கள். எழுத்துப் பிழை திருத்துவதோடு நிற்காமல், நிறுவும் முறையை உங்கள் கணினியில் முதல் படியிலிருந்து செய்து பாருங்கள். எங்கே தடங்குகிறதோ அந்தப் படியைத் திருத்தி அனுப்புங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அது உலகமே பார்க்கக்கூடிய சான்று. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிப் பழக விரும்புபவருக்குக் கணியம் இதழ் இருக்கிறது. ரைட் த டாக்ஸ் என்ற பெயரில் இத்துறையினர் உலகெங்கும் நடத்தும் கூட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. போய் உட்கார்ந்தால், விளம்பரத்துக்கு வருமுன்பே காதில் விழும் வேலைகள் உண்டு.

வேலைக்குச் சேர முன்பணம் கேட்பவரிடம் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். 'சோதனை' என்ற பெயரில் இருபது பக்கக் கையேட்டை இலவசமாக எழுதச் சொன்னால், அது சோதனை இல்லை, வேலை. ஒன்றிரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேர்வு நாளில்

எழுத்துத் தேர்வு கட்டாயம் இருக்கும். குழப்பமான பத்தியைத் திருத்துவது, ஒரு சிறு செயலியைக் கொடுத்து ஒரு வேலைக்குப் படிகள் எழுதச் சொல்வது, சில சமயம் 'டீ போடுவது எப்படி' என்று எழுதச் சொல்வதும் உண்டு. டீ என்றதும் அடுப்பைப் பற்ற வைத்துவிடாதீர்கள். யாருக்கு, எத்தனை பேருக்கு, தூளா பையா என்று முதலில் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கும் மதிப்பெண் உண்டு. கேட்க ஆள் இல்லை என்றால், 'இரண்டு பேருக்கு, கேஸ் அடுப்பில்' என்று உங்கள் அனுமானத்தை மேலே எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

நேர்முகத்தில் தவறாமல் வரும் கேள்வி: டெவலப்பர் பதில் சொல்லவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? 'மேலாளரிடம் சொல்வேன்' என்பது கடைசிப் பதிலாக இருக்கட்டும். முதலில் நானே பயன்படுத்திப் பார்ப்பேன், தெரிந்ததை எழுதி, தெரியாத மூன்று இடங்களை மட்டும் ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்பேன் என்று சொல்லுங்கள். வெற்றுத் தாளை நிரப்பச் சொன்னால் யாருக்கும் நேரம் இருக்காது. தப்பாக எழுதிக் காட்டினால் திருத்தாமல் இருக்கவும் யாராலும் முடியாது.

நீங்களும் கேளுங்கள். எழுதுபவர்கள் எத்தனை பேர்? நான் எழுதியதை யார் பார்த்துத் திருத்துவார்கள்? முதல் வேலையில் சம்பளத்தில் இரண்டாயிரம் கூடுவதைவிட, சிவப்பு மையில் திருத்தித் தரும் மூத்தவர் ஒருவர் இருப்பது பெரிது.

சாட்ஜிபிடி வந்த பிறகும் இந்த வேலை இருக்குமா?

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு யாரும் இந்தத் துறைக்கு வரக் கூடாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, இலக்கணம் திருத்துவதும் கிடைத்த குறிப்பை அழகாக மாற்றி எழுதுவதும் இயந்திரம் நொடியில் செய்கிற வேலையாகிவிட்டன. அதை மட்டும் செய்யத் தெரிந்த புதியவருக்கு வழி குறுகிவிட்டது. ஆனால் இன்னும் வெளிவராத வசதியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சொல்லப்பட்ட பொத்தான் திரையில் நிஜமாகவே இருக்கிறதா என்று யாராவது அமுக்கிப் பார்த்தாக வேண்டும். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சாட்பாட்டுகள் இப்போது உதவிப் பக்கங்களைப் படித்துத்தான் பதில் சொல்கின்றன. பக்கத்தில் ஒரு படி விட்டுப்போனால், அந்தத் தவறான பதில் ஆயிரம் பேருக்குப் போகும்.

எனவே இந்தக் கருவிகளைப் பயன்படுத்துங்கள், பயன்படுத்தியதை மறைக்காதீர்கள். முதல் வரைவை அதனிடம் வாங்கி, எங்கே தவறு செய்தது என்று கண்டுபிடித்து, அதையே நான்காவது மாதிரியாக வைத்தால் இன்றைய நேர்முகத்தில் நல்ல பேச்சுப்பொருள். மிதவை பற்றிய பேட்டரிப் படியை எந்த இயந்திரம் எழுதினாலும், வழுவில்லாத நடையில் அதே பிழையோடு எழுதித் தரக்கூடும். கையில் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, இதை எப்படிப் பார்ப்பது என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

இந்த வார இறுதியில் தொடங்குங்கள். வீட்டில் உங்களுக்கு மட்டும் செய்யத் தெரிந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அத்தை கையில் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.